ரோம் சுற்றுலா: சேலம் நிறுவனம் ஒன்றின் சேவை பற்றி

சேலம் ஐந்து ரோடு பகுதியிலுள்ள ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வழியாக அண்மையில் குடும்பத்துடன் ரோம் நகருக்குச் சென்று வந்தோம். விசா ஆவணங்களைப் பொறுமையாகச் சரிபார்த்ததிலும், சென்னை விமான நிலையம் வரை வேன் ஏற்பாடு செய்ததிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முன்பதிவு இருந்ததால் பழங்கால அரங்கமான கொலோசியத்தில் நீண்ட வரிசையில் நிற்காமல் உள்ளே செல்ல முடிந்தது. ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது பண்டைய ரோமானியக் கோயிலான பாந்தியன்தான். கம்பி ஏதுமின்றி, ஏறத்தாழ 43 மீட்டர் விட்டத்தில், கான்கிரீட்டால் கட்டப்பட்ட அதன் குவிமாடம் சுமார் 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. உச்சியிலுள்ள வட்டத் திறப்பின் வழியே விழும் வெயில் சுவரில் மெல்ல நகர்கிறது, மழை பெய்தால் நீர் வடிந்துபோகத் தரையில் சிறு துளைகள் இருக்கின்றன. இத்தகைய இடத்துக்கு அரை மணி நேரம்கூட ஒதுக்காமல், கடைவீதிக்கு ஒரு மதியம் முழுவதையும் கொடுத்தது என்ன கணக்கோ!

வத்திக்கானிலுள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தில் 1508 முதல் 1512 வரை மைக்கேலாஞ்சலோ தீட்டிய விதான ஓவியங்களை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது. அங்கே புகைப்படம் எடுக்க அனுமதியில்லை என்பதை வழிகாட்டி முன்பே சொல்லியிருக்கலாம். இரவில் பரிமாறிய ஆறிய சப்பாத்தியைவிட, தெருவோரக் கடைகளில் வெட்டி எடை போட்டுத் தரும் பீட்சாத் துண்டே மேல். கட்டணம் நியாயமானதுதான், எனினும் எந்தெந்த இடங்களுக்கு உள்ளே அழைத்துச் செல்வார்கள், எவற்றை வெளியிலிருந்து மட்டும் காட்டுவார்கள் என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.