டர்பன்ல கன் ட்ரெயினிங்குக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

டர்பன் பக்கத்துல சாட்ஸ்வொர்த்ல டீ ரூம் (தெருமுனை சின்னக் கடை) வச்சிருக்கோம், ரெண்டு தடவை கடைக்குள்ள கொள்ளைக்காரங்க வந்துட்டாங்க, அதனாலதான் வீட்ல பேசி நான் லைசென்ஸ் எடுக்கலாம்னு முடிவு பண்ணேன். இங்க தென்னாப்பிரிக்கா சட்டப்படி முதல்ல ட்ரெயினிங், அப்புறம் போலீஸ்ல காம்பிடென்சி சர்டிபிகேட் (தகுதிச் சான்றிதழ்), அதுக்கப்புறம்தான் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு லைசென்ஸ். செக்‌ஷன் 13 (தற்காப்பு லைசென்ஸுக்கான பிரிவு), 5 வருஷம் செல்லும். இது தெரிஞ்சவங்களுக்கு தெரியும், விடுங்க.

நான் போன இடம் பேரு சொல்லல. ஒரு நாள் க்ளாஸ், துப்பாக்கி, புது ஃபேக்டரி குண்டு எல்லாம் சேர்த்து 2,800 ராண்ட்னு வாங்கினாங்க. நாங்க அஞ்சு பேர். ரேஞ்ச்ல (சுட்டுப் பழகுற இடம்) ரெண்டு இசட் 88, ஒரு க்ளாக் 17, எல்லாம் கைத்துப்பாக்கி. ஒரு தாத்தா மட்டும் பல வருஷமா ஸ்போர்ட் ஷூட்டிங் பண்றவர், பேரனை கூட்டிட்டு வந்திருந்தாரு, தன்னோட சொந்த சிஇசட் 75 கைத்துப்பாக்கி, சொந்த குண்டு.

காலையிலேயே தொல்லை ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு குடுத்த இசட் 88ல மேகசினுக்கு (குண்டு அடுக்கி உள்ள சொருகுற பெட்டி) ரெண்டு தடவையாவது சிக்கும், ஒண்ணு குண்டு மூக்கு கீழ குத்திகிட்டு மேல ஏறாது, இல்லன்னா சுட்ட கேஸ் (காலி பித்தளைக் கூடு) வெளிய போகாம ஸ்லைடுல (மேல முன்ன பின்ன நகர்ற பாகம்) புகைபோக்கி மாதிரி நட்டுக்கும். ஒவ்வொரு தடவையும் இன்ஸ்ட்ரக்டர் சொன்னது ஒரே பதில், "உங்க மணிக்கட்டு தளர்வா இருக்கு". நானும் நம்பிட்டேன், கை வலிக்க இறுக்கிப் பிடிச்சேன். மணிக்கட்டு தளர்ந்தா சிக்கும்ங்கறது உண்மைதான், ஆனா பக்கத்து லேன்ல க்ளாக் வச்சிருந்த அக்காவுக்கும் அதே சிக்கல் வந்துச்சே. லஞ்ச்ல அந்த இன்ஸ்ட்ரக்டரே வந்து, "இந்த பழைய கன் எல்லாம் இப்படித்தான், எங்க கடையில புது மாடல் ரெண்டே ரெண்டு இருக்கு"ன்னு ஒரே பிடி, நான் அதுல ஒண்ணுக்கு 3,000 ராண்ட் டெபாசிட் கட்டிட்டேன்.

மதியம் நடந்ததுதான் இந்தப் பதிவுக்கே காரணம். ட்ரிகரை அழுத்தினேன், டம்முனு வரவேண்டிய இடத்துல நமுத்துப்போன பட்டாசு மாதிரி 'புஸ்', கையில உதையே இல்ல. பின்னாடியிருந்து இன்ஸ்ட்ரக்டர் "தட்டு, இழு, சுடு!"ன்னு கத்துறாரு, நானும் காலையிலேர்ந்து பண்ணி பழகினபடி மேகசினை தட்டி, ஸ்லைடை இழுத்து, அடுத்த குண்டு ஏறிடுச்சு, விரல் ட்ரிகர் கிட்ட போகுது. அப்பதான் அந்த தாத்தா "நிறுத்துப்பா! சுடாதே, விரலை எடு!"ன்னு போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. அவரே வந்து துப்பாக்கியை காலி பண்ணி, முன்பக்கமா ஒரு கம்பியை விட்டாரு, கம்பி பாதியிலேயே நின்னுடுச்சு. முந்தின குண்டு பேரலுக்குள்ளயே, அதாவது குண்டு வெளிய போற குழலுக்குள்ளயே, மாட்டிகிட்டு இருக்கு. கேஸ்ல வெடிமருந்து இல்லாமலோ கம்மியாவோ இருந்தா இப்படி ஆகும், அதுக்கு மேல அடுத்ததை சுட்டிருந்தா பேரலே வெடிச்சிருக்கலாம்னாரு. எனக்கு கால் நடுங்கிடுச்சுங்க, ரெண்டு பிள்ளைங்க வீட்ல.

தாத்தா எங்க குண்டு டப்பாவை வாங்கி பார்த்தாரு. கேஸ் அடியில ஒவ்வொண்ணுலயும் வேற வேற முத்திரை, பித்தளையில கீறல், சில குண்டு உள்ள அழுந்தி சிலது வெளிய நீட்டிட்டு. ஃபேக்டரி குண்டுன்னா ஒரு பெட்டியில எல்லா முத்திரையும் ஒண்ணாத்தான் இருக்கும், இது சுட்ட கேஸ்ல மறுபடி மருந்து அடைச்சது. அப்புறம் அவரோட குண்டுல 30 எடுத்து இன்னொரு இசட் 88ல போட்டுக் குடுத்தாரு. ஒரு மேகசின்ல 15ம் சிக்காம போச்சு, அதே கை, அதே மணிக்கட்டு! இன்னொரு மேகசின்ல மூணு தடவை சிக்குச்சு, கழட்டிப் பார்த்தா அந்த மேகசினோட வாய்ப்பகுதி விரிஞ்சு போயிருக்கு. அவரோட சிஇசட் அன்னைக்கு முழுக்க ஒரு தடவை கூட நிக்கல.

இசட் 88ஐ குறை சொல்லாதீங்க. 1977 ஐ.நா. ஆயுதத் தடையால வெளிய வாங்க முடியாம, பெரட்டா 92ங்கற இத்தாலி துப்பாக்கி மாதிரியில இந்த நாட்லயே செஞ்சு போலீஸ் பல வருஷம் இடுப்புல கட்டினது அது. க்ளாக்கும் அப்படியே, நல்ல பேரு வாங்கின துப்பாக்கி. ஸ்ப்ரிங் மாத்தாம, தேஞ்ச மேகசினோட, கண்ட குண்டையும் போட்டா எந்த துப்பாக்கியும் சிக்கத்தான் செய்யும். அதைக் காட்டியே புதுசு விக்கப் பாத்ததுதான் எனக்கு வயிறு எரியுது.

டெபாசிட்டை கேட்டா "ரூல்ஸ்படி திருப்பித் தர முடியாது"ன்னு ஒரே மெசேஜ். கேஸ் முத்திரை போட்டோ, ரசீது எல்லாம் சேர்த்து எழுத்துல புகார் குடுத்திருக்கேன். அடுத்த சனிக்கிழமை க்ளாஸுக்கு விளம்பரம் ஓடிட்டு இருக்கு. எங்க போனாலும் சரி, லேன்ல நிக்கறதுக்கு முன்னாடி சீல் பிரிக்காத பெட்டியை காட்டச் சொல்லுங்க, சத்தம் கம்மியா வந்தா யாரு கத்தினாலும் அடுத்ததை சுடாதீங்க, துப்பாக்கியை டார்கெட் பக்கமே வச்சுகிட்டு கையைத் தூக்குங்க. க்ளாஸ் நடக்கற அன்னைக்கே எந்த கடைக்கும் டெபாசிட் கட்டாதீங்க.