ஃபென்வேயா, ரிக்லியா?

பேஸ்பாலில் ஆடுகளத்தின் உள்பகுதிக்கு மட்டும்தான் கறாரான அளவு. ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய பேஸ்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 90 அடி, பந்து வீசும் இடத்திலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம், இதில் எந்த ஊரிலும் கை வைக்க முடியாது. வெளிச்சுவர் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதோ பழைய மைதானங்களில் பக்கத்துத் தெரு தீர்மானித்த விஷயம். இடம் எங்கே முடிந்ததோ அங்கே சுவர். இப்படிக் கட்டியவற்றில் அமெரிக்காவின் முதன்மை லீகில் இன்னும் உயிரோடு இருப்பவை இரண்டே இரண்டு: பாஸ்டனின் ஃபென்வே பார்க் (1912), சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு (1914). 1970 வாக்கில் பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, ஃபிலடெல்பியாவில் கட்டிய வட்ட வட்டமான கான்கிரீட் அரங்குகளையெல்லாம் 2004க்குள் இடித்துத் தரைமட்டம் ஆக்கிவிட்டார்கள். இந்தக் கிழங்கள் இரண்டும் நிற்கின்றன.

இரண்டையும் ‘பழைய அழகு’ என்று ஒரே கூடையில் போட்டுவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஃபென்வேயின் கிறுக்குத்தனம் முழுவதும் சுவருக்குள்ளேயே இருக்கிறது. இடது பக்கம் லான்ஸ்டவுன் தெரு நெருக்குவதால் சுவர் ஹோம் பிளேட்டிலிருந்து வெறும் 310 அடியில் வந்து நிற்கிறது, அந்தக் குறையை ஈடுகட்ட 37 அடி உயரம். அதுதான் பச்சை நிறப் பூதம், கிரீன் மான்ஸ்டர். பெயர்தான் பச்சை, 1947 வரை அதன் மேல் முழுக்க விளம்பரங்கள். ஆரம்பத்தில் சுவருக்கு முன்னால் பத்தடி மண்மேடு வேறு இருந்தது, அதில் ஏறி ஏறிப் பந்து பிடித்துப் பழகிய டஃபி லூயிஸ் பெயரால் அதற்கு டஃபியின் குன்று என்றே பெயர்.

இந்தச் சுவர் ஆட்டத்தை என்ன செய்கிறது என்று பாருங்கள். வேறு ஊரில் சுலபமான கேட்சாக முடிய வேண்டிய பந்து இங்கே மெதுவாக மிதந்து சுவரைத் தாண்டி ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) ஆகிவிடும். வேறு ஊரில் கேலரிக்குள் பாய வேண்டிய தோட்டா மாதிரியான அடி இங்கே சுவரின் நடுவில் ‘டங்’ என்று மோதித் திரும்பி வந்து, அடித்தவர் முதல் பேஸிலேயே நிற்க வேண்டியதுதான். நியாயமா என்றால் இல்லை. 1978 அக்டோபரில், சீசனே தீர்மானமாகும் ஒற்றை ஆட்டத்தில், பாஸ்டனின் ரெட் சாக்ஸ் அணி 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது நியூயார்க் யாங்கீஸின் பக்கி டென்ட் ஒரு பந்தைத் தூக்கிவிட்டார். அந்த சீசன் முழுக்க அவர் அடித்த ஹோம் ரன்கள் மொத்தமே ஐந்துதான். அந்தச் சுவரிலிருந்து பந்து எப்படித் தெறிக்கும் என்று அத்துப்படியாகத் தெரிந்த ரெட் சாக்ஸ் வீரர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி கீழே நின்று அண்ணாந்து பார்க்க, பந்து மேலே போய் மறைந்தது. யாங்கீஸ் 5-4 என்று ஜெயித்தார்கள். சொந்தச் சுவரே காலை வாரிய கதை.

சுவரின் அடிப்பகுதியில் ஸ்கோர்போர்டு. உள்ளே ஆட்கள் உட்கார்ந்து எண் பலகைகளைக் கையால் மாற்றுகிறார்கள், கழிப்பறை கூடக் கிடையாது. அந்தப் பலகையின் வெள்ளைக் கோடுகளில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் எழுத்துகள் இருக்கும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அணியின் முன்னாள் உரிமையாளர் டாம் யாக்கி, அவர் மனைவி ஜீன் இருவரின் முதலெழுத்துகள். இதைச் சும்மா ரசித்துவிட்டுப் போக முடியவில்லை. யாக்கியின் ரெட் சாக்ஸ்தான் முதன்மை லீகில் கறுப்பின வீரரைக் களமிறக்கிய கடைசி அணி. அந்த நிறத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் வந்து 12 வருடம் கழித்து, 1959இல்தான் பம்ப்ஸி கிரீன் ஆடினார். மைதான வாசல் தெருவிலிருந்து யாக்கி பெயரை 2018இல் எடுத்துவிட்டார்கள், சுவரில் அந்தப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன.

சரி, ரிக்லி.

இதைக் கட்டியவர் சாப்பாட்டுக் கடைகள் நடத்திய சார்லஸ் வீக்மன். முதன்மை லீகுக்குப் போட்டியாக வந்து இரண்டே வருடத்தில் மூடப்பட்ட ஒரு லீகுக்காகக் கட்டினார், இப்போது அங்கே ஆடும் சிகாகோ கப்ஸ் அணி 1916இல்தான் குடிவந்தது. சூயிங்கம் முதலாளி ரிக்லியின் பெயர் அப்புறம் ஒட்டிக்கொண்டது. அளவு என்று பார்த்தால் பெரிய விசேஷம் இல்லை, இடது பக்கம் 355 அடி, வலது பக்கம் 353. பூதம் எதுவும் இல்லை. ஆனால் காற்று இருக்கிறது. மிச்சிகன் ஏரி பக்கத்திலேயே. ஏரியிலிருந்து காற்று உள்ளே வீசும் நாளில் நன்றாக அடித்த பந்து கூட நடுவானில் செத்து விழும். அதே காற்று திசை மாறி வெளியே வீசினால்? 1979 மே 17இல் ஃபிலடெல்பியா 23, கப்ஸ் 22. ஆம், பேஸ்பால் ஸ்கோர்தான். ஃபென்வேயின் குறும்பு எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், ரிக்லியில் அன்று காலை கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

சுவர் செங்கல், அதன் மேல் 1937இல் நட்ட ஐவி என்ற படர்கொடி. ஏப்ரலில் போனால் வெறும் காய்ந்த நரம்புகள்தான், ஜூனில் போனால் செங்கல்லே தெரியாது. பந்து இலைகளுக்குள் சிக்கிக்கொண்டால் அவுட்ஃபீல்டர் இரண்டு கைகளையும் தூக்க வேண்டும், அடித்தவருக்கு இரண்டு பேஸ். தேடிப் பார்க்கலாம் என்று கையை உள்ளே விட்டுவிட்டாரோ போச்சு, ஆட்டம் தொடர்கிறது என்று அர்த்தம். ஒரு வேடிக்கை: சிகாகோவின் அடையாளமான அந்தக் கொடியின் பெயர் பாஸ்டன் ஐவி.

ரிக்லி சுவரோடு முடிவதில்லை. எதிர்வீட்டு மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்கள், பிறகு அதையே கேலரி கட்டி டிக்கெட் போட்டு வியாபாரமாக்க, கப்ஸ் கோர்ட்டுக்குப் போய், கடைசியில் வருமானத்தில் 17 சதவீதம் என்று 2004இல் சமரசம் ஆனது. இரவு ஆட்டத்துக்கும் அக்கம்பக்கத்தார் எதிர்ப்புதான். ஃபென்வே 1947இலேயே விளக்குப் போட்டுவிட்டது, இங்கே 1988 ஆகஸ்ட் 8 வரை பகல் ஆட்டம் மட்டுமே. அன்றும் மழை வந்து ஆட்டம் பாதியில் நின்றது.

இரண்டு ஊர்க்காரர்களும் சாபக்கதை வைத்திருக்கிறார்கள் (பாஸ்டனுக்கு 1918க்குப் பின் 2004 வரை கோப்பை இல்லை, சிகாகோவுக்கு 1908க்குப் பின் 2016 வரை). அதில் மைதானத்துக்குப் பங்கு எதுவும் இல்லை, மோசமாக ஆடினார்கள், அவ்வளவுதான்.

வசதி? இரண்டிலும் பார்வையை மறைக்கும் தூண்கள் உண்டு. ஃபென்வேயில் கூடுதலாகக் குறுகலான பழைய மர இருக்கைகள், வலது பக்கத்தில் பல இருக்கைகள் பேட்டரைப் பார்க்காமல் மைதானத்தின் நடுவைப் பார்த்தபடி இருக்கும், கழுத்துவலி நிச்சயம். இந்த விஷயத்தில் ரிக்லி ஒரு மாற்று மேல்.

என் கணக்கு இது: டிவியில் பார்க்க ஃபென்வே. இடது பக்கம் பந்து எழும்பியதும் தாண்டுமா, மோதுமா என்ற அந்த இரண்டு நொடி பதைப்பை கேமரா அப்படியே கொடுத்துவிடும். நேரில் போக ரிக்லி, ஏனென்றால் காற்றையும் மொட்டை மாடிகளையும் எந்தக் கேமராவும் முழுசாகக் காட்டாது. ஜூனில், பகல் ஆட்டமாகப் பார்த்துப் போங்கள். முடிந்ததும் உடனே ரயிலுக்கு ஓட வேண்டாம், ஸ்கோர்போர்டு உச்சியில் கப்ஸ் ஜெயித்தால் வெள்ளைக் கொடியும் தோற்றால் நீலக் கொடியும் ஏற்றுவார்கள். ரயிலில் வீடு திரும்புகிறவர்கள் ஜன்னல் வழியாகவே முடிவைத் தெரிந்துகொள்ளட்டும் என்று செய்த ஏற்பாடு. எல்லார் கையிலும் போன் வந்த பிறகும் ஏற்றுகிறார்கள்.