இயற்கை ரப்பரும் நைட்ரைல் ரப்பரும்

ரப்பர் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பரை இழுக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாகின்றன. அதனால் ஒரு சிறு வெட்டு விழுந்தாலும் கிழிசல் எளிதில் பரவுவதில்லை. தரையிறங்கும் கணத்தின் பேரதிர்வைத் தாங்க வேண்டிய விமான டயர்களில் இன்றும் அது பெருமளவில் பயன்படுவதற்கு இந்த இயல்பும், உருளும்போது குறைவாகச் சூடாகும் தன்மையுமே காரணம். நெகிழ்ச்சியில் அதற்கு ஈடு சொல்வது கடினம் என்பது என் கருத்து.

ஆனால் எண்ணெய் பட்டால் நிலைமை மாறிவிடுகிறது. இயற்கை ரப்பர் வாஷர் ஒன்றை எஞ்சின் ஆயிலில் சில நாள் ஊறவிட்டு எடுத்தால், அது உப்பிப் பருத்து, விரலால் அழுத்தினாலே பிய்ந்துவிடும் அளவுக்குத் தளர்ந்திருப்பதைக் காணலாம். பியூட்டாடையீன், அக்ரிலோநைட்ரைல் என்ற இரு வேதிப்பொருள்களை இணைத்துச் செய்யப்படும் நைட்ரைல் ரப்பரோ, அதே ஆயிலில் தன் வடிவத்தைப் பெரிதும் இழக்காமல் நிற்கும். எரிபொருள் குழாய்கள், ஆயில் சீல்கள், ஓ-வளையங்கள் ஆகியவை நைட்ரைல் ரப்பரில் செய்யப்படுவது இதற்காகவே. வாங்கும்போது அக்ரிலோநைட்ரைல் விகிதத்தையும் கேட்டறிவது நல்லது. அது கூடக் கூட எண்ணெயைத் தாங்கும் திறன் உயரும், ஆனால் குளிரில் வளையும் தன்மை குறையும்.

கையுறைகளில், மரப்பாலின் புரதத்தால் ஒவ்வாமை வருவோருக்கு நைட்ரைலே பாதுகாப்பானது. வெயிலிலும் ஓசோனிலும் இரண்டிலுமே வெடிப்பு விழும். வெளிப்புறக் கதவு, ஜன்னல் விளிம்புகளுக்கு இவற்றைத் தாங்கும் செயற்கை ரப்பரான ஈபிடிஎம்மைத் (EPDM) தேடுவதே முறை.