ஜே45.20ஆ, ஜே45.30ஆ, இல்ல 909லயே தள்ளிவிட்டுரலாமா? மைல்டு ஆஸ்துமா படுத்துற பாடு

எங்கம்மாவோட பழைய ஓபி சீட்டு ஒண்ணுல டாக்டர் "பி.ஏ."ன்னு ரெண்டே எழுத்து போட்டிருந்தாரு. பிராங்கியல் ஆஸ்துமாவாம். எட்டாங்கிளாஸோட படிப்ப விட்டுட்டு ரப்பர் ஷீட்டும் புகைப்புரையுமா பாதி ஆயுசக் கழிச்ச அம்மைக்கு அந்த சீட்டுதான் டிகிரி. அந்த ரெண்டு எழுத்த வச்சே இங்க இன்ஹேலர் மாத்திரை எல்லாம் வாங்கிரலாம். ஆனா மார்த்தாண்டத்துல வீட்டு மாடியில உக்காந்து ராத்திரி முழிச்சு மெடிக்கல் கோடிங் வேலைக்கு, அதாவது டாக்டர் எழுதுன நோய்க்கு கோடு நம்பர் போட, நான் பாக்குற அமெரிக்கா நோயாளி சார்ட்டுல இதே மாதிரி வெறும் ஆஸ்துமான்னு வந்தா கோடு ஜே45.909தான், அதுக்கு மேல ஒரு அடி நகர முடியாது.

நாகர்கோவில்ல கோர்ஸ் முடிச்சுட்டு டீமுக்கு புதுசா வர்ற பிள்ளைங்க முதல்ல குழம்புறதும் இந்த எடத்துலதான். அமெரிக்காவுல நோய்க்கு கோடு போடுற ஐசிடி-10-சிஎம் லிஸ்ட்டுல ஜே45.20 மைல்டு இன்டர்மிட்டன்ட் (லேசா, எப்பவாவது வர்றது), ஜே45.30 மைல்டு பெர்சிஸ்டன்ட் (லேசா, ஆனா விடாம வர்றது), ஜே45.909 வகை எதுவும் சொல்லாத ஆஸ்துமா. கடைசி நம்பர் 0ன்னா சிக்கல் இல்லாதது, 21, 31ன்னு 1ல முடிஞ்சா அக்யூட் எக்ஸாசர்பேஷன் (திடீர்னு முத்துறது), 2ன்னா ஸ்டேட்டஸ் ஆஸ்மாட்டிகஸ் (வழக்கமான மருந்துக்கு அடங்காத கடும் இளைப்பு). 909லயும் இதே கதைதான், 901, 902ன்னு வரும், சிக்கல் இல்லாதது மட்டும் 0க்குப் பதிலா 9.

20க்கும் 30க்கும் நடுவுல உள்ள எல்லை அமெரிக்காவோட 2007 ஆஸ்துமா கைட்லைன்ல இருக்கு. 5 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு தொந்தரவு வாரத்துல 2 நாளுக்குள்ள, ராத்திரி முழிப்பு மாசத்துல 2 தடவைக்குள்ள, ரெஸ்க்யூ இன்ஹேலரும் (இளைப்பு வந்ததும் அவசரத்துக்கு அடிக்கிறது) வாரத்துல 2 நாளுக்குள்ளன்னா இன்டர்மிட்டன்ட். வாரத்துல 2 நாளத் தாண்டுது ஆனா தினமும் இல்ல, ராத்திரி மாசத்துல 3, 4 தடவ எழும்பி உக்காருறாங்கன்னா மைல்டு பெர்சிஸ்டன்ட். வருஷத்துல 2 தடவையோ அதுக்கு மேலயோ ஸ்டீராய்டு மாத்திரை போடுற அளவுக்கு முத்திப்போனாலும் பெர்சிஸ்டன்ட் பக்கம்தான். 4 வயசு வரைக்கும் உள்ள குழந்தைக்கு கணக்கு இன்னும் இறுக்கம், மாசத்துல ஒரு ராத்திரி முழிச்சாலே இன்டர்மிட்டன்ட்டுல நிக்காது.

ஆனா இந்த டேபிள் டாக்டருக்கு, நமக்கில்ல. போன வாரம் ஒரு பிள்ள கேக்குறா, "அக்கா, இவரு தினமும் ஃப்ளூட்டிகசோன் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்காரு, அப்போ 30தானே?" இல்ல மக்கா. மருந்து லிஸ்ட்ட வச்சு சிவியரிட்டி, அதாவது நோயோட தீவிரம், போட நாம யாரு? அது ரூலுக்காக மட்டும் சொல்லல, உள்ளபடியே தப்பாவும் போகும். 2019லயே ஜீனாங்கிற உலக ஆஸ்துமா அமைப்பு, பெரியவங்களுக்கும் 12 வயசு ஆன பிள்ளைங்களுக்கும் சால்பியூட்டமால் ரெஸ்க்யூ இன்ஹேலர் மட்டும் குடுத்து ஓட்டாதீங்கன்னு மாத்தியாச்சு, எப்பவாவது வர்ற இளைப்புக்கும் தேவைப்படும்போது ஸ்டீராய்டு கலந்த புடெசொனைட் ஃபார்மோடெரால்னு குடுக்கலாம். அதனால இப்ப இன்டர்மிட்டன்ட் ஆளு கையிலயும் ஸ்டீராய்டு இன்ஹேலர் இருக்கும், அதப் பாத்து 30 போட்டா போச்சு.

இதுக்கு நேர் எதிர்த்தப்பும் ஒண்ணு இருக்கு. நோட்ல "நோ சிம்ப்டம்ஸ், வெல் கன்ட்ரோல்டு"ன்னு இருந்தா ஆஹா லேசானதுன்னு கை தானா 20க்குப் போகும். மருந்த தினமும் எடுக்கதனாலதானே அவரு நல்லா இருக்காரு! மருந்து ஆரம்பிச்சதுக்கு அப்புறம் சிவியரிட்டிங்கிறது கன்ட்ரோல்ல வைக்க எவ்வளவு மருந்து வேணும்ங்கிறது, கன்ட்ரோல் இன்னைக்கு எப்படி இருக்குங்கிறது. ரெண்டும் வேற. அதே மாதிரி "அன்கன்ட்ரோல்டு"ன்னு எழுதுனத எக்ஸாசர்பேஷன்னு மாத்தி 31 போடவும் கூடாது.

சரி, டாக்டர் "மைல்டு ஆஸ்துமா"ன்னு மட்டும் எழுதுனா? மைல்டு 20லயும் இருக்கு, 30லயும் இருக்கு. எதுன்னு தெரியாம 909லதான் வந்து விழும். பாதி சொன்னதுக்கு சொல்லாம இருந்திருக்கலாம்.

நோட் எழுதுற விதத்தயும் ஒப்பிட்டே ஆகணும், சள்ளையே அங்கதான். ஒரு டாக்டர் டெம்ப்ளேட்ட தட்டிவிட்டு "ஆஸ்துமா, ஸ்டேபிள், கன்டின்யூ மெட்ஸ்"னு முடிச்சுருவாரு, பழைய விசிட்டுல உள்ள எக்ஸாசர்பேஷனும் காப்பியாகி கூடவே வந்து நிக்கும், இது இன்னைக்கு உள்ளதா போன மாசத்துதான்னு நாம ஸ்க்ரோல் பண்ணி சாகணும். இன்னொருத்தர் "மைல்டு பெர்சிஸ்டன்ட் ஆஸ்துமா, லோ டோஸ் ஸ்டீராய்டு இன்ஹேலர்ல கன்ட்ரோல்ல இருக்கு, இன்னைக்கு எக்ஸாசர்பேஷன் இல்ல"ன்னு ஒரே வரி எழுதுவாரு. ஜே45.30, தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு இசட்79.51, வீட்ல யாராவது பீடி சிகரெட் குடிக்கிற புகை படுதுன்னு இருந்தா இசட்77.22, முடிஞ்சுது சோலி.

909 போடலாமா, டாக்டர்ட்டயே கேட்டு க்வெரி அனுப்பலாமான்னா என் கணக்கு இதுதான்: காலு சுளுக்குன்னு வந்தவருக்கு ஆஸ்துமாவும் உண்டுன்னு ஓரமா எழுதியிருந்தா 909 போட்டுட்டு போயிட்டே இருப்பேன், தகவல் இல்லாத எடத்துல அன்ஸ்பெசிஃபைடு (வகை சொல்லாத) கோடு போடலாம்னு கோடிங் கைட்லைனே சொல்லுது, அது ஒண்ணும் பாவமில்ல. ஆனா விசிட்டே ஆஸ்துமாவுக்கு, வாரத்துல எத்தன நாள் இளைப்பு, ராத்திரி எத்தன தடவன்னு எல்லாம் எழுதிட்டு வகைய மட்டும் விட்டிருந்தா டார்கெட் அடிவாங்குனாலும் க்வெரிதான். அதுலயும் "இது மைல்டு பெர்சிஸ்டன்ட்தானே டாக்டர்"னு வாயில ஊட்டக்கூடாது. நோட்ல உள்ளத எடுத்துக் காட்டி, இன்டர்மிட்டன்ட், மைல்டு பெர்சிஸ்டன்ட், மத்தது, இப்ப சொல்ல முடியலன்னு எல்லாத்தயும் குடுத்து அவரையே டிக் பண்ண விடணும்.

ஓபி சார்ட்டுல "வீசிங், பாசிபிள் ஆஸ்துமா"ன்னு வந்தா இந்த மூணுமே கெடையாது. பாசிபிள், ப்ராபபிள் எதையும் ஓபில கோடு பண்ண மாட்டோம், ஆர்06.2 வீசிங் மட்டும். ஆஸ்துமான்னு உறுதியானப்புறம் அந்த ஆர்06.2வ பக்கத்துல ஒட்ட வச்சா எக்ஸ்க்ளூட்ஸ்1ல, அதாவது ரெண்டையும் சேத்துப் போடக்கூடாதுங்கிற ரூல்ல, எர்ரர் அடிக்கும். அந்தப் பிள்ளைக்கு இத மட்டும் மூணு தடவ சொல்லியாச்சு, நேத்து ராத்திரியும் ரெண்டையும் சேத்துப் போட்டு வச்சிருக்கா.