நடால்–பெடரரா, நடால்–ஜோகோவிச்சா?

திருமலையில் டென்னிஸ் பேச்செடுத்தால் எந்த ஜோடியின் மோதல் பெரிது என்று எங்கள் நண்பர்களுக்குள் இன்னும் இந்த வாக்குவாதம்தான். நடாலும் ஜோகோவிச்சும் 60 முறை மோதினார்கள். 31–29 என ஜோகோவிச் சற்றே முன்னே. பெடரரோடு 40 ஆட்டங்களில் நடாலுக்கு 24 வெற்றி. சரி, சமபலம் என்று பார்த்தால் ஜோகோவிச் பக்கம்தான். ஜோகோவிச்சும் நடாலும் மோதிய 2012 அவுஸ்திரேலிய ஓபன் இறுதியாட்டம் 5 மணி 53 நிமிடம் நீடித்தது; இங்கே பிற்பகலில் உட்கார்ந்தவர்கள் இரவு எட்டு மணிக்குத்தான் எழுந்தார்கள்.

ஆனாலும் என் ஓட்டு நடாலும் பெடரரும் மோதிய 2008 விம்பிள்டன் இறுதியாட்டத்துக்கே. மழை குறுக்கிட்டு, நமக்கு நள்ளிரவு தாண்டி, ஐந்தாவது செட் 9–7 என்று நடால் வென்றார். அவருடைய இடதுகைச் சுழற்பந்து தோளுயரம் எழும்பும். ஜோகோவிச் இரு கைகளாலும் அதை அடக்குவார். பெடரருக்கோ ஒற்றைக் கை பேக்ஹாண்ட் (புறங்கை அடி); அந்த உயரத்தில் அடிப்பது சிரமம். பாணிகள் இப்படி முட்டிக்கொள்ளும் ஆட்டம்தான் எனக்குப் பெரிது.