இம்ப்ளான்ட் சுத்தம் செய்ய எது நல்லது: ஸ்டீலா, பிளாஸ்டிக்கா, பவுடரா?

இயற்கைப் பல்லைச் சுரண்டும் அதே கருவியை இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகிப் பதிக்கும் டைட்டானியச் செயற்கைப் பல் வேர்) மேலும் வைப்பதை இன்னும் பார்க்கிறோம், அதை நிறுத்தியே ஆக வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் க்யூரெட்டும் (கையால் சுரண்டும் கருவி), உறை போடாத உலோக முனை கொண்ட அல்ட்ராசோனிக் ஸ்கேலரும் (அதிர்வால் சுரண்டும் கருவி) பல் காரையை, அதாவது இறுகிப்போன அழுக்குப் படிவை, நன்றாகவே எடுக்கும். ஆனால் ஈறை ஒட்டியிருக்கும் வழவழப்பான டைட்டானியத்தில் கீறல் விழுந்துவிடும். உரசியதில் போன ஆக்சைடு படலம் காற்று பட்டதும் திரும்ப உருவாகிவிடும், கீறல் அப்படியே இருக்கும். சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் கிருமிப் படலம் கூடுதலாகச் சேரும் என்பதுதான் இத்துறையில் பல வருடமாகச் சொல்லப்படும் அளவு.

சரி, அப்படியென்றால் பிளாஸ்டிக் க்யூரெட்? கீறாது, உண்மைதான். ஆனால் கெட்டியான காரையில் வைத்தால் வளைந்துகொடுக்கும். சொரசொரப்பான இடத்தில் தேய்த்தாலோ பிளாஸ்டிக்கே தேய்ந்து துகளாக அங்கே தங்கிவிடும். பாதுகாப்பானது என்று இதற்குக் கிடைத்திருக்கும் பெயர் கொஞ்சம் அதிகம் என்றுதான் நினைக்கிறேன். கெட்டிக் காரை இருந்தால் டைட்டானியம் க்யூரெட்டோ, பீக் (PEEK) என்ற உறுதியான பிளாஸ்டிக் உறை போட்ட அல்ட்ராசோனிக் முனையோ மேல். டைட்டானியமும் தடம் விடும், ஆனால் ஸ்டீல் அளவுக்கு இல்லை.

வழக்கமான பராமரிப்புக்கு வந்தால் என் ஓட்டு பவுடருக்கு. கிளைசின் பவுடரின் துகள் சுமார் 25 மைக்ரோமீட்டர், எரித்ரிடால் பவுடரின் துகள் சுமார் 14. தண்ணீரோடும் காற்றோடும் பீய்ச்சும்போது மென்மையான படலம் போய்விடும், வழவழப்பு பெரிதாக மாறாது. பழைய சோடியம் பைகார்பனேட் துகள் இவற்றைவிடப் பெரியது, முரடு, அதை இங்கே கொண்டுவர வேண்டாம். பவுடரால் கெட்டிக் காரை வராது என்பது குறை. இன்னொன்று, முனையைத் தப்பாகப் பிடித்தால் காற்று திசுவுக்குள் புகுந்து முகம் வீங்கலாம், அதனால் பழகிய கை வேண்டும்.

இதெல்லாம் ஈறை ஒட்டிய வழவழப்பான கழுத்துப் பகுதிக்கு. எலும்பு கரைந்து இம்ப்ளான்ட்டின் திருகு மரை வெளியே தெரிகிறது என்றால் கணக்கே வேறு. எலும்பு பிடிக்கட்டும் என்று வேண்டுமென்றே சொரசொரப்பாக்கிய பகுதி அது. அங்கே கீறலைவிட, மரையின் பள்ளத்துக்குள் கருவி போகிறதா என்பதுதான் கவலை. க்யூரெட் உள்ளே எட்டாது. ஈறைத் திறந்து டைட்டானியம் பிரஷ் சுழற்றுவது பரவாயில்லை, அப்படியும் முழுசாகச் சுத்தமாகும் என்று யாரும் உறுதி தர முடியாது. லேசர் என்றால் எர்பியம் யாக் (Er:YAG) என்ற வகையைக் குறைந்த ஆற்றலில் பயன்படுத்துகிறார்கள். நியோடிமியம் யாக் (Nd:YAG) லேசர் டைட்டானியத்தையே உருக்கிவிடக்கூடும், அதன் பக்கம் போகாதீர்கள்.