தமஸ்கு யோவானும் முதலாம் தீமோத்தேயுவும்

இஸ்லாமைப் பற்றிய பழைய கிறிஸ்தவ விமர்சனம் எல்லாம் ஒரே குரல்தான் என்று நினைப்பவர்கள், 8ஆம் நூற்றாண்டின் இந்த இரு கிறிஸ்தவ அறிஞர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

யோவானின் குடும்பம் தமஸ்குவில் உமய்யா என்ற முஸ்லிம் அரச வம்சத்தின் வரி நிர்வாகத்தில் இருந்தது. அவர் எழுதியது கிரேக்கத்தில், கிறிஸ்தவர்களுக்காக. ஆகவே கேலிக்குத் தடையில்லை. இஸ்லாமைத் தனி மதமாகக்கூட எண்ணாமல் கிறிஸ்தவத்திலிருந்து விலகிய திரிபுக் கொள்கைகளின் பட்டியலில் சேர்த்தார். நபிக்கு இறைவெளிப்பாடு வந்ததற்குச் சாட்சி யார் என்று கேட்டார். தத்துமகன் ஸைதின் முன்னாள் மனைவியை நபி மணந்ததைக் குத்திக் காட்டினார். தத்துமகனின் முன்னாள் மனைவியை மணக்கக் கூடாது என்ற பழைய தடையை நீக்கவே அந்த மணம் என்பது முஸ்லிம்களின் விளக்கம் (குர்ஆன் 33:37).

தீமோத்தேயு, சிரியாக் மொழியில் வழிபட்ட கிழக்குத் திருச்சபையின் தலைவர். அவர் பதில் சொன்னது முஸ்லிம் பேரரசை ஆண்ட கலீபா அல்-மஹ்தியிடம், நேருக்கு நேர். முகம்மதைப் பற்றி என்ன சொல்கிறீர் என்று கலீபா கேட்க, இறைவாக்கினர் வழியில் நடந்தார், மக்களைச் சிலை வணக்கத்திலிருந்து ஒரே கடவுளிடம் திருப்பினார் என்று புகழ்ந்தார். சரி, நபி என்று ஒப்புக்கொண்டாரா? இல்லை. முகம்மதைப் பற்றி விவிலியத்தில் முன்னறிவிப்பு இல்லை என்றார்.

என் ஓட்டு தீமோத்தேயுவுக்கே. ஆனால் அந்த உரையாடலைச் சிரியாக்கில் எழுதி வைத்தவரும் அவர்தான். தன் பதில்களுக்குக் கொஞ்சம் மெருகு ஏற்றியிருக்க மாட்டாரா என்ன?